மறியலில் இருப்பவரைத் தேடுவது எப்படி? வன்னிக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் கைதானவரைத் தேடி அலையும் குடும்பங்களுக்காக எழுதப்பட்டது இது. தேடி வருபவர்களில் பெரும்பாலானோர் தாய்மாரும் மனைவிமாரும். கையில் ஒரு புகைப்படமும் யாரோ சொன்ன தகவலும் இருக்கும். அடையாள அட்டை இலக்கம் இருக்காது. சட்டம் நாடு முழுவதற்கும் ஒன்றுதான். ஆனால் புதுக்குடியிருப்பிலிருந்து விடியற்காலை பஸ் ஏறி, ஒரு நாள் கூலியையும் இழந்து, இன்னொரு மாவட்டத்துச் சிறைவாசலில் "இங்கே இல்லை" என்ற பதிலோடு திரும்புகிறவருக்குச் சட்டம் மட்டும் தெரிந்தால் போதாது. எந்த வாசலுக்கு முதலில் போக வேண்டும் என்பதும் தெரிய வேண்டும்.

நேற்று மாலை மகனைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எங்கே என்று தெரியவில்லை. முதலில் எங்கே போவது?

பிடித்தது யார் என்பதைப் பொறுத்தது. வன்னியில் ஆளைப் பிடிப்பது பொலிஸ் மட்டும் அல்ல. கசிப்பு என்றால் மதுவரித் திணைக்களம் வந்திருக்கலாம். முதிரைக் குற்றி ஏற்றியதாக வன இலாகா பிடித்திருக்கலாம். மிருகத்துக்குப் பொறி வைத்ததாக வனஜீவராசிகள் திணைக்களமும், கடலில் என்றால் கடற்படையும், மணல் டிப்பர் என்றால் விசேட அதிரடிப்படையும் பிடித்திருக்கக்கூடும். சம்பவத்தைப் பார்த்தவர்களிடம் என்ன சீருடை, என்ன வாகனம், எந்தப் பக்கம் திரும்பியது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாகன இலக்கம் கிடைத்தால் மிக நல்லது.

அடுத்து, ஆள் பிடிபட்ட இடத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போங்கள். வீடு முள்ளியவளையில் இருந்தாலும் பிடித்தது ஓமந்தையில் என்றால் ஓமந்தையில்தான் முதலில் விசாரிக்க வேண்டும். சொந்த ஊர்ப் பொலிஸ் நிலையத்தில் அரைநாள் காத்திருந்துவிட்டு, "அது எங்கள் பிரிவு இல்லை" என்ற பதிலோடு வெளியே வருபவர்கள் ஏராளம்.

"அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று பொலிசில் சொல்லிவிட்டார்கள். நம்பலாமா?

உண்மையாகவே இல்லாமலும் இருக்கலாம். வேறு பிரிவினர் பிடித்து நேரே மாவட்டத் தலைமையகத்துக்குக் கொண்டுபோயிருக்கலாம். வைத்தியசாலையில் காட்டுவதற்குக் கூட்டிச் சென்றிருக்கலாம். ஆகவே வாசலில் நிற்கும் கான்ஸ்டபிளின் வாய்ச்சொல்லோடு திரும்பாதீர்கள். பொறுப்பதிகாரியைச் சந்தித்துக் கேளுங்கள். அவரும் இல்லை என்றால், "இன்னாரை இந்த நேரத்தில் இந்த இடத்தில் வைத்துக் கொண்டுபோனார்கள், எங்கே என்று தெரியவில்லை" என்று முறைப்பாடு கொடுத்து, முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பின்னர் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது அந்த இலக்கத்தைத்தான்.

முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அலுவலகத்துக்குப் போகலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கலாம். அதன் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, அவசரத் தொலைபேசி இலக்கம் 1996. ஒருவரை இரகசிய இடத்தில் தடுத்து வைப்பதை 2018 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க, வலிந்து காணாமலாக்கப்படுவதற்கு எதிரான சட்டம் தடைசெய்கிறது. தடுத்து வைக்கப்பட்டவரைப் பற்றிய தகவலைக் கேட்கும் உரிமையை உறவினருக்கும் சட்டத்தரணிக்கும் அதே சட்டம் தருகிறது. சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே வந்து கட்சிக்காரருக்காகப் பேசுவதற்கான விதிகள் 2012 இல் வர்த்தமானியில் வெளிவந்தன. "வக்கீல்மாருக்கு இங்கே வேலை இல்லை" என்று யாராவது சொன்னால் அந்த விதிகளை நினைவூட்டுங்கள்.

எவ்வளவு நேரம் பொலிசில் வைத்திருக்கலாம்?

சாதாரண குற்றவியல் சட்டத்தின்படி 24 மணி நேரம். அதற்குள் நீதவான் முன் முற்படுத்த வேண்டும். போதைப்பொருள் வழக்குகளில் நீதவானின் அனுமதியோடு ஏழு நாட்கள் வரை தடுத்து வைத்து விசாரிப்பது வழக்கத்தில் இருக்கிறது. ஆனால் அந்த அனுமதிக்கும் நீதிமன்றத்துக்கு வந்தாக வேண்டும், ஆகவே அங்கே பதிவு இருக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டம் தனிக் கதை, கீழே வருகிறது.

வெள்ளி மாலையோ போயா நாளிலோ பிடிபட்டவர்களின் வீட்டார் ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நீதிமன்றம் பூட்டியிருக்கிறது என்பதற்காகத் திங்கள் வரை ஆள் பொலிசில்தான் இருப்பார் என்று நினைத்துவிடாதீர்கள். விடுமுறை நாளில் நீதவானின் வாசஸ்தலத்திலோ பதில் நீதவான் முன்னிலையிலோ முற்படுத்துவார்கள். சனிக்கிழமை காலை நீங்கள் சோற்றுப் பார்சலோடு பொலிஸ் நிலையத்துக்குப் போகும்போது அவர் விளக்கமறியலுக்கு, அதாவது வழக்கு முடியுமுன் சந்தேகநபரை வைத்திருக்கும் சிறைக்கு, அனுப்பப்பட்டிருக்கலாம். வெள்ளி இரவே பொறுப்பதிகாரியிடம் "எப்போது, யார் முன்னிலையில் முற்படுத்தப் போகிறீர்கள்" என்று கேட்டுவைப்பது நல்லது.

பல இடத்தில் கேட்டுப் பார்த்துவிட்டோம். ஒரே இடத்தில் முழு விவரமும் கிடைக்காதா?

கிடைக்கும். நீதவான் நீதிமன்றத்தின் பதிவாளர் அலுவலகம்.

இதைத்தான் வருகிறவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். சிறைவாசலில் தேடலைத் தொடங்காதீர்கள். பிடித்தது பொலிசோ, வன இலாகாவோ, கடற்படையோ, எல்லோரும் ஆளைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டிய இடம் நீதிமன்றம். நீதவானின் கட்டளை இல்லாமல் சந்தேகநபர் ஒருவரைச் சிறைச்சாலை விளக்கமறியலுக்கு ஏற்காது. ஆகவே சிறையில் இருப்பவரைப் பற்றிய அடிப்படைப் பதிவு நீதிமன்றத்தில்தான் இருக்கிறது: எந்தப் பொலிஸ் நிலையம், என்ன குற்றச்சாட்டு, எந்தச் சிறைக்கு அனுப்பப்பட்டார், அடுத்த தவணை எப்போது. இவை எல்லாவற்றுக்கும் சாவி, பொலிசார் முதலில் தாக்கல் செய்யும் 'பி' அறிக்கையின் இலக்கம். அந்த இலக்கத்தை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டு வீடு திரும்பினால் பாதிவேலை முடிந்தது.

நடைமுறையில் எப்படி? வழக்குகள் அழைக்கத் தொடங்குவதற்கு முன்பே, காலை எட்டரை மணிவாக்கில் வளாகத்துக்குப் போய்விடுங்கள். அன்றைய வழக்குப் பட்டியல் வழக்கமாக அறிவிப்புப் பலகையில் இருக்கும். ஒவ்வொரு பொலிஸ் நிலையத்துக்கும் நீதிமன்ற அலுவல்களைப் பார்க்கும் உத்தியோகத்தர் ஒருவர் இருப்பார். கக்கத்தில் கோப்புக்கட்டோடு நடமாடுபவரைப் பார்த்தால் தெரிந்துவிடும். பிடித்த பொலிஸ் நிலையத்தின் பெயரைச் சொல்லி அவரைத் தேடுங்கள். நேற்று யார் யார் முற்படுத்தப்பட்டார்கள் என்று கோப்பைப் புரட்டாமலே சொல்லிவிடக்கூடியவர் அவர். அவர் கிடைக்காவிட்டால் பதிவாளர் அலுவலகக் கருமபீடத்தில் பெயர், கைதான திகதி, பொலிஸ் நிலையம் மூன்றையும் சொல்லிக் கேளுங்கள். பத்து மணிக்குப் பிறகு அந்த இடத்தில் நின்று பேச முடியாது. அவர்கள் மீது கோபப்பட்டும் பயனில்லை.

இன்னொன்று. கொரோனாக் காலத்திலிருந்து விளக்கமறியலில் இருப்பவர்களை நேரே கொண்டுவராமல் காணொளி வழியாக முற்படுத்தும் வழக்கமும் வந்துவிட்டது. சிறைச்சாலை பஸ்ஸையே பார்த்துக்கொண்டு வெளியே நின்றால், உள்ளே திரையில் மகனின் முகம் வந்து போனதே தெரியாமல் போகும். நீதிமன்ற மண்டபத்துக்குள் போய் அமருங்கள். எல்லோரும் அமரலாம், தொலைபேசியை மட்டும் அணைத்துவிடுங்கள்.

எந்தச் சிறைக்கு அனுப்புவார்கள்?

வன்னியில் பெரும்பாலும் வவுனியா விளக்கமறியல் சிறைச்சாலை. யாழ்ப்பாணத்துக்கோ அநுராதபுரத்துக்கோ அனுப்பப்படுவதும் உண்டு. வழக்கின் தன்மை, இட நெருக்கடி, பாதுகாப்பு என்று காரணங்கள் பல. தண்டனை பெற்றவர் என்றால் வெலிக்கடை, மகர போன்ற தூரத்துச் சிறைகளும் வரும். பெண்களைத் தனிப் பிரிவில் வைப்பார்கள். ஊகிக்காமல் நீதிமன்றத்தில் கேட்டுவிட்டுப் பயணப்படுங்கள்.

சிறையில் விசாரித்தால் பெயர் இல்லை என்கிறார்கள். ஆனால் அங்கேதான் அனுப்பியதாக நீதிமன்றத்தில் சொன்னார்கள். இது எப்படி?

பெரும்பாலும் பெயரின் எழுத்துதான் காரணம்.

ஒரு தமிழ்ப் பெயர் சிறைப் பதிவேட்டுக்குப் போய்ச் சேரும் வழியைப் பாருங்கள். கைதானவர் தமிழில் சொல்கிறார். பொலிசில் அது சிங்களத்தில் எழுதப்படுகிறது. நீதிமன்றத்தில் தமிழுக்கோ ஆங்கிலத்துக்கோ மாறுகிறது. சிறையில் மீண்டும் சிங்களத்தில் பதிவாகிறது. சிங்களத்தில் 'ழ' இல்லை. எழில் என்று தொடங்கும் பெயர் அங்கே வேறு எழுத்தில் போய் நிற்கும். ராசா ராஜாவாகும், கயன் கஜனாகும். அதோடு, நமது வழக்கப்படி தந்தை பெயரை முன்னால் சொல்கிறோம். பதிவு செய்பவர் அதையே ஆளின் பெயராக எடுத்துக்கொள்வார். நீங்கள் மகனின் பெயரைக் கேட்கிறீர்கள், பதிவேட்டில் இருப்பதோ உங்கள் கணவரின் பெயர். வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லித் தேடுபவர்களும் இருக்கிறார்கள். அது எந்தப் பதிவேட்டிலும் கிடையாது.

ஆகவே அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள். பழைய அட்டை என்றால் 9 இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். புதியது என்றால் 12 இலக்கம். இலக்கம் எந்த மொழியிலும் மாறாது. அட்டை மகனோடு போய்விட்டது, பிரதியும் இல்லை என்றால் கிராம அலுவலரிடம் விசாரியுங்கள். அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தபோது அவர் உறுதிப்படுத்தியிருப்பார். வாக்காளர் பதிவு, சமுர்த்திப் பதிவு, வங்கிப் புத்தகம், பழைய கிளினிக் கொப்பி என்று எங்காவது அந்த இலக்கம் இருக்கும். அதோடு பி அறிக்கை இலக்கத்தையும் அனுப்பிய நீதிமன்றத்தின் பெயரையும் சொன்னால் சிறை உத்தியோகத்தர் தேட வேறு வழியில்லாமல் கண்டுபிடித்துவிடுவார்.

இன்னும் பெயர் வரவில்லை என்றால் மூன்று இடங்களை நினைத்துப் பாருங்கள். ஒன்று, அவர் வைத்தியசாலையில் சிறைக் காவலின்கீழ் இருக்கலாம். இரண்டு, வேறு சிறைக்கு மாற்றப்பட்டிருக்கலாம். மூன்று, போதைப்பொருள் பாவனை வழக்கு என்றால் நீதிமன்றம் பொலன்னறுவை மாவட்டத்துக் கந்தக்காடு போன்ற புனர்வாழ்வு நிலையத்துக்கு அனுப்பியிருக்கலாம். அது சிறைச்சாலைகள் திணைக்களத்தின் கீழ் வருவதில்லை; புனர்வாழ்வுப் பணியகத்தின் பொறுப்பு. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிரான 'யுக்திய' பொலிஸ் நடவடிக்கை தொடங்கி ஆட்களைக் கூட்டம் கூட்டமாக அள்ளியபோது, மகனைச் சிறைகளில் தேடி ஓய்ந்தவர்கள் இந்த மூன்றாவது இடத்தை நினைக்கவில்லை.

லண்டனில் இருக்கும் அண்ணன் இணையத்தில் பெயரைப் போட்டால் வந்துவிடும் என்கிறாரே?

அவர் இருக்கும் நாட்டை வைத்துச் சொல்கிறார். பிரித்தானியாவில் ஒரு கைதியைத் தேடித் தருமாறு அரசாங்க இணையச் சேவை மூலம் விண்ணப்பிக்கலாம். அமெரிக்காவில் கைதிகளின் பெயரைத் தட்டித் தேடும் தளங்களே இருக்கின்றன. இலங்கையில் பெயரைத் தட்டினால் சிறையைக் காட்டும் பொதுத் தளம் இல்லை. சிறைச்சாலைகள் திணைக்களத்துக்கு இணையத்தளம் இருக்கிறது. சிறைகளின் தொலைபேசி இலக்கங்கள் அங்கே கிடைக்கும். தலைமையகம் கொழும்பு 9, பேஸ்லைன் வீதியில் இருக்கிறது. தொலைபேசியில் எடுத்தால் பதில் சொல்வார்களா என்பது எடுப்பவரையும் பேசும் மொழியையும் பொறுத்தது. அதை நம்பிப் பயணத்தைத் திட்டமிட வேண்டாம்.

வெளிநாட்டிலிருந்து உதவ நினைக்கும் அண்ணன்மார், இங்குள்ள சட்டத்தரணியிடம் பேசி பி இலக்கத்தை எடுத்துத் தந்தால் அதுவே பெரிய உதவி. முகநூலில் மகனின் படத்தையும் குற்றச்சாட்டையும் சேர்த்துப் போடுவதைத் தயவுசெய்து நிறுத்தச் சொல்லுங்கள். வழக்கில் சாட்சிகள் ஆளை அடையாளம் காட்டும் அடையாள அணிவகுப்பு நடக்க இருந்தால் அந்தப் படமே எதிராகத் திரும்பும்.

பார்வைக்குப் போகும்போது என்ன கொண்டுபோக வேண்டும்? யார் போகலாம்?

உங்கள் தேசிய அடையாள அட்டை கட்டாயம். உறவுமுறையைக் கேட்பார்கள். விளக்கமறியலில் இருப்பவருக்குப் பார்வை நாட்கள் அதிகம், வீட்டுச் சாப்பாடும் கொடுக்கலாம். தண்டனைக் கைதிக்கு இரண்டும் குறைவு. நேரமும் நாளும் சிறைக்குச் சிறை வேறுபடும். பண்டிகைக் காலங்களில் சிறப்புப் பார்வை அறிவிப்பார்கள். சோற்றைக் கிளறி, மீனைப் பிய்த்துப் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. வெற்றிலை, புகையிலை, சிகரெட், தொலைபேசி எதுவும் வேண்டாம். சவர்க்காரத்துக்குள் எதையாவது ஒளித்துக் கொண்டுபோய்த் தாமே கைதாகி நின்றவர்களும் உண்டு. 'அண்ணா இதையும் கொடுத்துவிடுங்கள்' என்று வரிசையில் நிற்கும் அந்நியர் நீட்டும் பார்சலை வாங்காதீர்கள்.

மருந்து எடுப்பவர் என்றால் மாத்திரையை நேரே கொடுக்க முயலாமல் கிளினிக் கொப்பியின் பிரதியைச் சிறை வைத்தியப் பிரிவுக்குக் கொடுங்கள். பார்வையின்போது உடம்பில் அடிகாயம் கண்டால் அன்றே சட்டத்தரணிக்கும் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் சொல்லுங்கள். சட்ட வைத்திய அதிகாரியிடம் காட்டுமாறு நீதவானிடம் கேட்கலாம். காயம் ஆறிய பிறகு கேட்பதில் பலன் குறைவு.

பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் பிடித்திருக்கிறார்கள். அதே வழியில் தேடலாமா?

பாதிதான் உதவும். 1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டமான இது தற்காலிக ஏற்பாடு என்ற பெயரோடு வந்தது. நீக்குவோம் என்று அரசாங்கங்கள் பலமுறை சொல்லிவிட்டன. இதில் 24 மணி நேரத்துக்குப் பதில் 72 மணி நேரம். அதற்குள் பாதுகாப்பு அமைச்சர் தடுப்புக்காவல் உத்தரவில் கையெழுத்திட்டால் ஆள் நீதிமன்றத்துக்கு வராமலே விசாரணைப் பிரிவின் காவலில் இருப்பார். ஒரு உத்தரவு மூன்று மாதம் வரை, புதுப்பிக்கலாம். முன்பு 18 மாதம் வரை நீட்டலாம் என்றிருந்ததை 2022 ஆம் ஆண்டின் திருத்தம் 12 மாதமாகக் குறைத்தது. ஆகவே நீதிமன்றப் பதிவாளரிடம் பெயர் இல்லாமலிருக்கலாம்.

இங்கே முதல் வாசல் மனித உரிமைகள் ஆணைக்குழு. இந்தச் சட்டத்தின்கீழ் ஒருவரைக் கைது செய்தாலோ தடுத்து வைத்தாலோ 48 மணி நேரத்துக்குள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று ஆணைக்குழுவின் 1996 ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. வைத்திருக்கும் இடத்தையும் அறிவிக்க வேண்டும். ஆகவே "எனது மகனைப் பற்றி உங்களுக்கு அறிவித்தல் வந்ததா" என்று நேரடியாகக் கேளுங்கள். வரவில்லை என்ற பதிலும் ஒரு தகவல்தான். அதை எழுத்தில் பெற்றால் பின்னர் நீதிமன்றத்தில் பயன்படும். 2022 திருத்தத்தின்படி சட்டத்தரணி அணுகவும் உறவினரோடு தொடர்புகொள்ளவும் தடுப்பில் இருப்பவருக்கு உரிமை உண்டு. நீதவான் மாதம் ஒருமுறையாவது தடுப்பிடத்துக்குப் போய்ப் பார்க்க வேண்டும். சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் 1989 முதல் இலங்கையில் இயங்குகிறது. தடுப்பில் இருப்பவர்களைச் சந்திப்பது அதன் வேலைகளில் ஒன்று.

வழக்கு தாக்கலானபின் ஆள் மட்டுமல்ல, வழக்கே இடம் மாறக்கூடும். வவுனியா மேல் நீதிமன்றத்திலிருந்து தமது வழக்குகளை அநுராதபுரத்துக்கு மாற்றியதை எதிர்த்து மூன்று கைதிகள் 2017 இல் அநுராதபுரம் சிறையில் உண்ணாவிரதம் இருந்தார்கள். சாட்சிக்கும் சட்டத்தரணிக்கும் வீட்டாருக்கும் அந்த மாற்றம் எத்தனை சுமை என்பது பஸ் டிக்கெட் எடுத்தவர்களுக்குத் தெரியும்.

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு எப்படி எழுதுவது? படித்தவர் யாரும் வீட்டில் இல்லை.

படிவம் தேவையில்லை, தமிழில் போதும். கண்ணீர்க் கதை வேண்டாம். நாள், நேரம், இடம் வேண்டும். இப்படி:

"எனது மகன் (முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், வயது, முகவரி), (திகதி) மாலை 6.30 மணியளவில், (இடம்) சந்தியில், பச்சைச் சீருடை அணிந்த நால்வரால் வெள்ளை நிற கப் வாகனத்தில் ஏற்றிச் செல்லப்பட்டார். பக்கத்துக் கடைக்காரர் பார்த்திருக்கிறார். மறுநாள் காலை பொலிஸ் நிலையத்தில் விசாரித்தேன். அங்கு இல்லை எனக் கூறப்பட்டது. முறைப்பாட்டு இலக்கம் (...). இதுவரை எந்த நீதிமன்றிலும் முற்படுத்தப்பட்டதாக அறியவில்லை. அவர் ஆஸ்துமா நோயாளி, தினமும் மருந்து எடுப்பவர். அவர் இருக்கும் இடத்தை அறியத் தருமாறும், அதிகாரி ஒருவரை அனுப்பி அவரைப் பார்வையிடுமாறும் வேண்டுகிறேன்."

இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் திகதியும் வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முத்திரைக்கு இன்னொரு பயனும் இருக்கிறது. சட்டவிரோதக் கைதுக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுவை ஒரு மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அந்த மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்திருந்தால், விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம். சாதாரணமாகப் பதில் சொல்ல 14 வேலை நாட்கள். ஆனால் கோரிக்கை ஒரு பிரசையின் உயிரோடும் தனிப்பட்ட சுதந்திரத்தோடும் தொடர்புடையதாக இருந்தால் 48 மணி நேரத்துக்குள் பதில் தர வேண்டும். விண்ணப்பத்தின் தலைப்பிலேயே இதைக் குறிப்பிடுங்கள்; குறிப்பிடாவிட்டால் மற்றக் கடிதங்களோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். பொலிசிலும் சிறைச்சாலைகள் திணைக்களத்திலும் தகவல் அலுவலர் இருப்பார். தனிப்பட்ட தகவல் என்று மறுக்க இடம் வைக்காமல், பிறப்புச் சான்றிதழ் அல்லது விவாகச் சான்றிதழின் பிரதியை இணைத்து உறவை நிரூபியுங்கள். பதில் வராவிட்டால் அதே அலுவலகத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழு.

சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லை. ஒருவர் பணம் தந்தால் ஆள் இருக்கும் இடத்தைச் சொல்வதாகக் கூறுகிறார்.

முதல் பகுதிக்கு: சட்ட உதவி ஆணைக்குழு. வருமானம் குறைந்தவர்களுக்காக 1978 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்தது. வவுனியா, மன்னார் உட்பட நீதிமன்றங்களை அண்டி அதன் நிலையங்கள் இருக்கின்றன. வருமானத்துக்குக் கிராம அலுவலரின் கடிதத்தைக் கொண்டுபோங்கள்.

இரண்டாம் பகுதிக்கு: கொடுக்காதீர்கள். போர் முடிந்த கையோடு வன்னியில் இந்த வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. "உங்கள் பிள்ளையைத் தெற்கில் ஒரு முகாமில் கண்டேன்" என்று சொல்லித் தாலிக்கொடி வரை விற்க வைத்தார்கள். இப்போதும் சிறைவாசலில் நிற்கும் சிலர் "மாத்தையாவைத் தெரியும்" என்று தொடங்குவார்கள். அவர்கள் காசுக்குச் சொல்லும் தகவல், நீதிமன்றக் கருமபீடத்தில் இலவசமாகக் கிடைப்பது. கிடைக்காதது என்றால் அது அவர்களிடமும் இல்லை.

பிடிபட்டது 16 வயதுப் பையன்.

18 வயதுக்கு உட்பட்டவரைப் பெரியவர்களோடு சிறையில் வைக்கக் கூடாது. பிறப்புச் சான்றிதழோடு உடனே நீதிமன்றத்துக்குப் போங்கள். வயதைப் பொலிஸ் தவறாகப் பதிந்திருந்தால் அங்கேயே திருத்த வேண்டும். அதன் பிறகு விசாரிக்க வேண்டியது நன்னடத்தை அலுவலரிடம். அச்சுவேலிச் சான்றுபெற்ற பாடசாலை போன்ற இடங்களுக்கு அனுப்பியிருந்தால் அவரிடம் விவரம் இருக்கும். சிறுவர் உதவி இலக்கம் 1929.

நாங்கள் இராமேஸ்வரத்திலிருந்து எழுதுகிறோம். மன்னார்க் கடலில் பிடிபட்ட மீனவர் எங்கே இருப்பார்?

மன்னார் நீதிமன்றத்தில் முற்படுத்தப்பட்டு, பெரும்பாலும் வவுனியாச் சிறையில். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகம் இவர்களைச் சந்தித்து உதவுகிறது. ஊர் மீன்வளத் துறை அலுவலகத்தில் படகின் பதிவு எண்ணைக் கொடுத்து அதன் வழியாகக் கேளுங்கள். எங்கள் பக்கத்து மீனவர் தமிழ்நாட்டில் பிடிபட்டால் வீட்டார், யாழ்ப்பாணத்தில் கிளை வைத்திருக்கும் வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவுக்கு எழுத வேண்டும்.

2009 மே மாதம் வட்டுவாகலில் கணவரை இராணுவத்திடம் ஒப்படைத்தேன். அவர் ஏதாவது சிறையில் இருக்கிறாரா என்று எப்படி அறிவது?

இதற்கு மேலே சொன்ன எந்த வழியும் போதாது. மேலே உள்ளவை எல்லாம், காவலில் எடுத்தவர்கள் பதிவு வைத்தார்கள் என்ற அடிப்படையில் நிற்பவை. சரணடைந்தவர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டதைக் குடும்பங்கள் கண்ணால் கண்டார்கள். அந்தப் பஸ்களில் ஏறியவர்களின் பட்டியலைத்தான் இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். புனர்வாழ்வு முகாம்களில் வைக்கப்பட்ட ஆயிரக்கணக்கானோர் பின்னர் விடுவிக்கப்பட்டார்கள். அவர்களில் இல்லாதவர்களுக்குப் பதில் இல்லை.

சட்டத்தில் இருக்கும் கருவி, காவலில் எடுக்கப்பட்டவரை நீதிமன்றத்தின் முன் கொண்டுவரக் கேட்கும் ஆட்கொணர்வு மனு. முன்பு கொழும்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கே போக வேண்டும். 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்துக்குப் பிறகு மாகாண மேல் நீதிமன்றமும் மாகாணத்துக்குள் நடந்த தடுத்து வைப்பை விசாரிக்கலாம். வட்டுவாகல் குடும்பங்கள் சில 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் அப்படித்தான் வழக்குத் தொடுத்தன. முல்லைத்தீவு நீதவான் நீதிமன்றத்தில் ஆரம்ப விசாரணை நடந்து, வருடக்கணக்கில் இழுபட்டது. காணாமற்போனோர் அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்து 2018 இல் இயங்கத் தொடங்கியது. மன்னாரில் அதன் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. சர்வதேச செஞ்சிலுவைக் குழுவிடம் 16,000 க்கு மேற்பட்ட காணாமற்போனோரின் பதிவு இருக்கிறது. இரண்டு இடத்திலும் பதிவு இல்லாவிட்டால் பதிந்துவையுங்கள். காணாமற்போனமைச் சான்றிதழ் எடுப்பதால் கணவர் இறந்துவிட்டதாக நீங்கள் ஒப்புக்கொண்டதாகாது; வங்கிக் கணக்கு, காணி அலுவல்களுக்கு அது உதவும். ஆனாலும் எடுக்க விரும்பாதவர்கள் பலர். கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்னால் 2017 பெப்ரவரியில் கொட்டகை போட்டு அமர்ந்த தாய்மாரிடம் போய் அதை எடுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தண்டப்பணம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கிறார். எப்போது வருவார் என்று யாரிடம் கேட்பது?

சிறைச்சாலையின் அலுவலகத்தில். தண்டனைக் கைதி ஒவ்வொருவருக்கும் நன்னடத்தைக் கழிவைக் கணக்கிட்டு விடுதலைத் திகதி குறித்திருப்பார்கள். தண்டப்பணத்துக்காக இருப்பவருக்கு, இருந்த நாட்களுக்குரிய தொகை கழிந்துவிடும். மீதி எவ்வளவு என்று கேட்டு அதைக் கட்டினால் அன்றே விடலாம். முழுத் தொகையும் சேரட்டும் என்று வீட்டில் காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு கிழமையும் கட்ட வேண்டிய தொகை குறைந்துகொண்டே போகும். வெசாக், சுதந்திர தினம் போன்ற நாட்களில் பொதுமன்னிப்பு அறிவிக்கும்போது இப்படிப்பட்டவர்களின் பெயர்கள் பட்டியலில் வருவதுண்டு. வெளியே வரும்போது கைதான அன்று எடுத்த பணப்பை, தொலைபேசி, அடையாள அட்டை மூன்றையும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அவை சிறையில் இல்லாவிட்டால் பொலிஸ் நிலையத்திலோ, வழக்குப் பொருளாக நீதிமன்றத்திலோ இருக்கும். அதற்கும் அதே பி இலக்கம்தான்.